கெசியா பதில் சொன்ன பள்ளிக்கூடம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

1. பிப்ரவரியில் என் கணவர் டேனியலுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. திருநெல்வேலியிலிருந்து நானும் எங்கள் ஆறு வயது மகள் கெசியாவும் அவரோடு வந்தோம். பிரிக்ஃபீல்ட்ஸில் பன்னிரண்டாவது மாடியில் வீடு.
2. மூன்றாவது வாரமே கம்பெனி அவரைக் கடல் தாண்டி பிந்துலுவுக்கு அனுப்பியது. மாதம் ஒருமுறைதான் வருவார்.
3. அரசுப் பள்ளியில் சேர்க்க அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தோம். பதில் வரவில்லை.
4. மூன்று தனியார் பள்ளிகளில் நேர்காணல். மூன்றிலும் கெசியா வாயே திறக்கவில்லை. மூன்றிலும் இடமில்லை என்றார்கள்.
5. ஏப்ரலில் அவள் வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டாள். வேண்டியதை விரலால் காட்டினாள்.
6. மே முடிவதற்குள் பள்ளி அமையாவிட்டால் நானும் அவளும் ஊர் திரும்புவது, அவர் மட்டும் இங்கே இருப்பது என்று முடிவு செய்தோம்.

ஊரில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்தவள் நான். பதினான்கு பள்ளிகளை அட்டவணை போட்டிருந்தேன். பாடத்திட்டம், தூரம், மொழி, பஸ் என்று எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஜெபமும் அப்படித்தான். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஆண்டவரிடம் ஒப்படைப்பேன்.

பேச ஆளில்லை. ஞாயிறு தமிழ் ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்காருவோம். முடிந்ததும் கைகொடுத்துவிட்டு அவரவர் காருக்குப் போய்விடுவார்கள். எதிர்வீட்டு ஆன்டி ஒருவர்தான் வந்த புதிதில் லிஃப்டில் பேசினார். “பசியாறிட்டீங்களாமா?” என்று கேட்டார். எங்களைப் பார்த்தால் பட்டினி கிடப்பவர்கள் மாதிரியா தெரிகிறது என்று எனக்குச் சுருக்கென்றது. “எங்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறையில்லை” என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு லிஃப்டில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எத்தனையோ நாட்கள் பிள்ளையின் மௌனத்தைத் தவிர வேறு எதையும் கேட்காமல் கழித்திருக்கிறேன்.

மே மாதம் இரண்டாவது புதன்கிழமை மத்தியானம் விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். கெசியா வந்து திரையைப் பார்த்தாள். போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். எண் எதுவும் வரவில்லை. “ஆண்டவரே, இவள் பேசணும். எங்களுக்கு ஒரு மனுஷர் வேணும்.” அவ்வளவுதான் சொன்னேன். வெகுநேரம் அழுதேன்.

மறுநாள் காலை ஒரு ஃபோன். கிள்ளானில் உள்ள ஒரு சிறிய தனியார் பள்ளியின் தலைமையாசிரியை. மார்ச்சில் நான் ஃபோனில் விசாரித்த பள்ளி. தூரம் என்று அட்டவணையில் அதைச் சிவப்பாக்கியிருந்தேன். “பிள்ளைக்கு ஸ்கூல் கெடச்சிருச்சாமா? அன்னிக்கு உங்க குரல் சரியில்ல, அதான் கேட்டேன்” என்றார். வெள்ளிக்கிழமை வரலாமா என்று கேட்டேன்.

மறுநாள் ரயிலேறிப் போனோம். தலைமையாசிரியை வகுப்பில் இருந்ததால் கேன்டீனில் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே சமைக்கும் அக்கா கரண்டியோடு வந்து குனிந்து கெசியாவிடம் கேட்டார்.

“பாப்பா பசியாறிட்டியா?”

எங்கள் வீட்டில் ஆறுவது பாலும் டீயும்தான். கெசியா சற்று யோசித்தாள்.

“இல்ல. இன்னும் ஆறல. சூடாத்தான் இருக்கு.”

அந்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “அடியாத்தா, பசி சுடுதா ஒனக்கு? வா, மீகூன் பெரட்டி வச்சிருக்கேன். அதுவும் சூடுதான்லா.” கெசியாவும் சிரித்தாள். ஐந்து வாரம் கழித்து அந்தச் சத்தம்.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: “காலையில சாப்டாச்சான்னு கேக்கிறதுமா. இங்க வணக்கமே அதுதான்.”

எனக்கு முகம் எரிந்தது. மனுஷரைத் தாரும் என்று நான் கேட்பதற்கு முன்பே ஆண்டவர் ஒருவரை எதிர்வீட்டிலேயே வைத்திருந்தார். நான்தான் பெருமையினால் தள்ளிவிட்டேன்.

தலைமையாசிரியை வந்தபோது கெசியா மீகூன் என்ற அந்த அரிசிச் சேமியாவைச் சாப்பிட்டபடி அந்த அக்காவிடம் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தேர்வுத்தாளை எடுக்கவே இல்லை. “எழுத்து நாங்க சொல்லித் தரோம். திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க” என்றார்.

அன்று மாலையே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். ஆன்டி இந்து, கோயிலுக்குப் போகிறவர். “அட, ஊர்ப் பொண்ணுக்கு வெளங்கலன்னு எனக்குத் தெரியாமப் போச்சே” என்று சொல்லி உள்ளே கூப்பிட்டார்.

இதை வாசிக்கும் சகோதரியே, அந்நிய ஊரில் தனியாக இருந்தால் அழகாக ஜெபிக்க வரவில்லையே என்று தயங்காதீர்கள். இரண்டு வாக்கியம் போதும். என் வாயிலிருந்து வந்ததும் அவ்வளவுதான். பதில் வரும்போது அதை அடையாளம் கண்டுகொள்ளும் தாழ்மையையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது கிள்ளானில் குடியிருக்கிறோம். கெசியா முதலாம் ஆண்டு, அதாவது நம் ஊர் ஒன்றாம் வகுப்பு, படிக்கிறாள். பள்ளியில் பேசுகிறாள், ஆலயத்தில் இன்னும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாள். அனுமதிக் கடிதம் இதுவரை வரவில்லை. டேனியல் வருஷக் கடைசி வரை பிந்துலுவில்தான். மத்தியானங்கள் இன்னும் நீளமாகத்தான் இருக்கின்றன. நாங்கள் ஊர் திரும்பவில்லை.