பாவு எடுக்கும் வரை நிற்காமல் போன காஞ்சிபுரப் பயணம்

காஞ்சிபுரம் போக வழியும் செலவும் கேட்டு எழுதுகிறவர்களுக்கு இதுவரை கோயில்களைப் பற்றி மட்டும்தான் பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் முதலில் அங்கே போனது எழுபதுகளின் நடுவில், ஒரு மார்கழியில், அரசு மானியத்தில் நடந்த ஒரு பால்வாடியைச் சோதிக்க. மூன்று வயதிலிருந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாட்டு, எண், ஒருவேளைச் சாப்பாடு கொடுத்து, ஒன்றாம் வகுப்பில் மிரளாமல் உட்கார வைப்பது அரசாங்கத்தின் திட்டம். வேலையைச் சட்டென்று முடித்து, நடை சாத்துமுன் வரதராஜரைப் பார்ப்பது என் திட்டம்.

சென்னையில் ஐந்தே முக்காலுக்குப் பேருந்து. எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய்க்குள். எட்டரைக்கு இறங்கி, ஒரு ரூபாய் பேசி சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். நெசவாளர் தெரு முனையிலேயே ரிக்‌ஷாக்காரர் நிறுத்திவிட்டார்.

“பாவு போட்டுக்கினு கீறாங்க சார். உள்ள வண்டி போவாது. பின்னாடி சந்துல சுத்திக்கினு போலாம்.”

தறியில் ஏற்றுமுன் புடவையின் நெடுக்கு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதுதான் பாவு. ஆணும் பெண்ணுமாக இருபுறமும் நின்று இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அழகாக இருக்கிறதே என்று இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

எட்டு ஐம்பத்தைந்துக்குப் பால்வாடியில் நுழைந்தால், பதிவேட்டில் இருபத்தாறு பெயர், பாயில் இரண்டே பிள்ளைகள். அடுப்பில் மட்டும் அத்தனை பேருக்கும் கோதுமை ரவை உப்புமா. எனக்குச் சுர்ரென்று ஏறியது. டீச்சர் பத்மாவுக்கு முப்பது வயதிருக்கும், பதறவே இல்லை.

“தெருவுல பாவு இருக்கிற வரைக்கும் பசங்கள வெளிய வுட மாட்டாங்க சார். ஓடிப் போயி இழைய அறுத்துட்டா யாரு முடிச்சு போடறது? எடுத்ததும் வந்துருவாங்க. ஒரு அரை மணி குந்துங்க.”

நல்ல கதை என்று நினைத்துக்கொண்டேன். படிவத்தில் ‘பிள்ளைகள் வருவதில்லை. உணவு எங்கே போகிறது என விசாரிக்கவும்’ என்று எழுதி, ஒன்பது பத்துக்கெல்லாம் கிளம்பிவிட்டேன்.

வரதராஜர் தரிசனம் நிம்மதியாக ஆயிற்று. வெளியே வந்த பிறகுதான் மப்ளரைப் பால்வாடியில் விட்டது தெரிந்தது. பன்னிரண்டு மணிக்குத் திரும்பிப் போனேன். தெருவில் ஓர் இழைகூட இல்லை. பால்வாடிக்குள் பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்களே எண்ணிப் பாருங்க சார்” என்றார் டீச்சர்.

எண்ணினேன். பக்கத்தில் நின்ற ஒரு வாண்டு என்கூடவே விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தது. “டீச்சர், சார் பதினேழ வுட்டுட்டாரு!” மறுபடி எண்ணினேன். இருபத்துநாலு பேர்.

“மாத்தி எழுதிடறேம்மா” என்றேன்.

திரும்பும் பேருந்தில் படிவத்தை எடுத்தேன். அடித்து எழுதினால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். கால்மணி நேரத்தில் கோயிலுக்கு ஓடிவிட்டேன் என்றா எழுதுவது? மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் அப்படியே கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் மானியம் நின்றது. பத்மா டீச்சர் மேலிடத்துக்கு மனு எழுதினார். ‘சோதனைக்கு வந்த ஐயாவே மதியம் இருபத்துநாலு பிள்ளைகளை எண்ணினார். அவரையே கேளுங்கள்.’ அந்த மனு விளக்கம் கேட்டு என் மேசைக்கே வந்தது. நான் எழுதியது ஒரே வார்த்தை: ‘நினைவில்லை.’ பால்வாடியை மூடிவிட்டார்கள். பதினேழை விட்டுவிட்டேன் என்று சிரித்த அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பு வரை போனதா என்று விசாரிக்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போகிறவர்களுக்கு: வரதராஜர் கோயில் நடை மதியம் சாத்திவிடும், பத்து மணிக்குள் போய்விடுங்கள். பாவு பார்க்க விடிகாலையிலேயே போக வேண்டும். இழையைத் தொடாதீர்கள். அவர்கள் நிற்கச் சொன்னால் நில்லுங்கள், அரை மணியானாலும் சரி.

அன்று எடுத்த பாவு போட்டோவை இந்த வலைப்பூவில் போட்டபோது, எந்தத் தெரு என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பெயர் மறந்துவிட்டது என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதியிருக்கிறேன். மறக்கவில்லை.