கொட்டி பூச்சியம்

எங்கள் ஆய்வுகூடத்தின் பழைய உறைபெட்டி இனித் திருத்திச் சரிவராது என்று ஆகிவிட்டதால், சென்ற மாதம் அதைக் காலி செய்தோம். அடித்தட்டில் கட்டிபட்டுக் கிடந்த பனி கரைந்தபோது ஒரு சின்ன பிளாஸ்ரிக் குழாய் வெளிப்பட்டது. சுண்டுவிரலின் ஒரு கணு அளவுதான் இருக்கும். மூடியில் கறுப்பு மையால், ஆங்கில எழுத்தில், ‘கொட்டி 0’ என்று எழுதியிருந்தது. உள்ளே வெறும் தண்ணீர். அதைக் கையில் எடுத்த மாத்திரத்தில் சட்டென்று திரும்பக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் ஏதாவது விஷமா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். அந்தக் குழாயைப் பொறுத்தவரை அதுதான் உண்மையும்கூட.

எழுத்து மிஸ்ஸுடையது. ஆய்வுகூடப் பொறுப்பாளரை நாங்கள் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மட்டக்களப்பு நகரத்தில், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பம். வீட்டில் பறங்கிப் பாஷை, எங்களோடு எங்களைப் போலவே தமிழ். நான் அவரிடம் உதவியாளராக இருந்தேன், ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். பயந்த சுபாவம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் நான் வீராங்கனை. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், சென்றிக் காவலரணில் நிற்கும் ஆமிக்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து வரும் போனுக்குப் பயம். சுனாமியில் அவருடைய அக்கா முகத்துவாரப் பக்கத்து வீட்டோடு போய்விட்டார். அதற்குப் பிறகு வாவிப் பாலத்தால் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு செபிப்பார். எங்கள் வீட்டில் கூரை போனது, கிணறு உப்பாய்ப் போனது, ஆட்கள் தப்பினோம். அதனால் அவருடைய பயத்தைப் பார்த்து நான் சிரித்ததில்லை என்று சொன்னால் பொய். சிரித்திருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், மிஸ்ஸின் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பற்றீரியா என்று கன்ரீனில் கதை விட்டதும் நான்தான்.

ஆனால் அந்தப் பயத்தில்தான் அவருடைய வேலையே நின்றது. ஒரு பயிருக்கு என்ன நோய் என்று இலையைப் பார்த்துச் சொல்ல அவர் ஒருபோதும் துணியமாட்டார். கண் ஏமாற்றும் என்பார். ஒவ்வொரு கிருமிக்கும் அதன் மரபணுவில் அதற்கே உரிய ஒரு சொல் உண்டு. இலையை அரைத்து, அந்தச் சொல் அதற்குள் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதை மட்டும் இயந்திரத்தில் சூடாக்கியும் ஆற்றியும் கோடிக்கணக்காகப் பெருக்கி, கடைசியில் ஊதா விளக்கின் கீழ் ஒரு வெளிச்சக் கோடாகப் பார்ப்போம். கோடு விழுந்தால் நோய், விழாவிட்டால் இல்லை. இதில் மிஸ்ஸின் பெரிய பயம், கையிலோ காற்றிலோ ஒட்டி வந்த கிருமி கோடாக விழுந்து நம்மைப் பொய்யர்களாக்கிவிடும் என்பது. அதற்காகத்தான் வெறுங்குழாய். எந்த வயலுக்குப் போனாலும் சுத்தமான தண்ணீர் மட்டும் உள்ள ஒரு குழாயை அங்கே திறந்து மூடி, மற்றவற்றோடு கொண்டு வருவோம். அதற்கு எப்போதும் பூச்சிய இலக்கம். அதில் கோடு விழுந்தால் அன்றைய வேலை முழுதையும் குப்பையில் போட்டுவிடுவார்.

சுனாமி வந்து இரண்டு வருடமாகியும் வாவிக்கரை வயல்களில் எது நடந்தாலும் உப்பு என்றுதான் பேச்சு. அந்த மாரியில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில், ஒரு வட்டையில் நெல்லின் இலை நுனியிலிருந்து வெளிறிக் காய்ந்து வந்தது. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயற்பரப்பு. அதன் தண்ணீரையும் விதைப்பையும் பார்க்கிற தலைவர் வட்டவிதானை. அந்த வட்டவிதானை ஆள் அனுப்பி மிஸ்ஸைக் கூப்பிட்டார். உப்புத்தான், மேட்டு வயலில் தண்ணீரைக் கட்டி, வரம்பை வெட்டி, வயலுக்கு வயல் இறக்கி, வாவிக்குள் கழுவி விடப் போகிறோம், அதற்கு முன் ஒருக்கால் வந்து பாருங்கள் என்பது செய்தி. அதைக் கேட்டதும் மிஸ் வெளிறிப் போனார். உப்பென்றால் அது சரியான வைத்தியம். பற்றீரியாவால் வரும் இலைக் கருகலென்றால் அந்தத் தண்ணீர்தான் நோயை மேட்டிலிருந்து பள்ளம்வரை ஒவ்வொரு வயலுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டுக்கும் இலை ஒரே மாதிரித்தான் காயும்.

அப்போது படுவான்கரை இயக்கத்தின் கையில் இருந்தது, கிழக்கே எங்கள் எழுவான்கரை அரசாங்கத்தின் கையில். பேச்சுவார்த்தைக் காலம் முடிந்து, வெடிச்சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியிருந்தது. போக வேண்டாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். மிஸ் அன்று முழுவதும் சென்றிகளில் காட்டவேண்டிய அலுவலகக் கடிதங்களைத் தேடி அடுக்கினார். அடுத்த நாள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, “வாறியா புள்ள?” என்று மட்டும் கேட்டார். தனியாகப் போகப் பயம் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் பயம்தான். தனியாக விடவும் பயமாக இருந்ததால் போனேன்.

வாவியைக் கடக்க ஒரு மிதவை, எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பாதை. போகும்போது இந்தப் பக்கமும் சோதித்தார்கள், அந்தப் பக்கத்து இயக்கப் பொடியன்மாரும் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வட்டவிதானை வாயில் வெற்றிலையோடு வரம்பில் காத்து நின்றார். தாழ்ந்த வயல்களின் ஓரமெங்கும் கொட்டி பூத்துக் கிடந்தது. அதன் கிழங்கை அவித்துத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வட்டைக்குப் பேரே கொட்டிவட்டை. மிஸ் காய்ந்த இலைகளையும் நல்ல இலைகளையும் வெட்டிப் பைகளிலும் குழாய்களிலும் போட்டு, வழக்கம்போல இடத்தின் பேரை ஆங்கில எழுத்தில் எழுதி இலக்கமிட்டார். புறப்படும்போது வட்டவிதானையிடம், “நான் சொல்லி அனுப்பும் மட்டும் தண்ணியை வெட்டிப் போடாதீங்க ஐயா” என்று கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஓம் என்றார்.

திரும்பி வந்து பாதையால் இறங்கியதும் சென்றியில் பெட்டியைத் திறந்த சிப்பாய் ஒரு பையை எடுத்து வாசித்தான். முகம் மாறியது. அடுத்ததை எடுத்தான். பிறகு உரக்க வாசிக்கத் தொடங்கினான். “கொட்டி எக்காய். கொட்டி தெக்காய். கொட்டி துனாய்.” எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிங்களத்தில் கொட்டி என்றால் புலிகள். புலிகளின் கையிலிருந்த கரையிலிருந்து, புலி ஒன்று, புலி இரண்டு, புலி மூன்று என்று பேரெழுதிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். எத்தனையோ வருடம் அந்த மண்ணில் கிடந்தும், இரண்டு பாஷையும் தெரிந்தும், மிஸ்ஸுக்கும் எனக்கும் அது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. எங்களுக்கு அது கிழங்கு.

எங்களை உள்ளே கொண்டுபோய் ஒரு அதிகாரியின் முன் நிறுத்தினார்கள். மிஸ் நீட்டிய அடையாள அட்டை நிலத்தில் விழுந்தது. அதிகாரி கத்தவில்லை, அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கொட்டி ஒரு நீர்ச்செடி என்று மிஸ் சிங்களத்தில் விளக்கினார். அதிகாரி நம்பியதாகத் தெரியவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்குழாயை எடுத்தார். இதில் என்ன என்றார். ஒன்றுமில்லை என்றார் மிஸ். ஒன்றுமில்லாததை எதற்கு ஐஸில் வைத்துக் காவிக்கொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வெளியே ஒரு வாகனம் வந்து நின்றது, எங்களை ஏற்றத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். இப்படி உள்ளே போய் வராதவர்களின் பேர்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவின் முகம் வந்தது. மிஸ் சிங்களத்தில் சொன்ன பதிலை அவர் வாயாலேயே பிறகும் பல தடவை தமிழில் கேட்டிருக்கிறேன். “நாங்க பொய் சொல்லல்ல எண்டு முதல்ல எங்களுக்குத் தெரியோணும். அதுக்குத்தான் சேர் அது.”

அதன் பிறகு அவர் செய்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் கேட்டார். நோய் என்றால் வெட்டிய இலையிலிருந்து பால்போல ஒரு நூல் தண்ணீருக்குள் இறங்கும், உப்பென்றால் ஒன்றும் இறங்காது, நீங்களே பாருங்கள் என்றார். ஒன்று போதாதா என்று அதிகாரி கேட்டார். போதாது, மற்றதில் நல்ல இலை வைக்க வேண்டும் என்றார். உயிர் போகிற இடத்திலும் அவருக்கு வெறுங்குழாய் வேண்டியிருந்தது. கோப்பைகள் வந்தன. இலைகளை வெட்டி நனைத்து, யன்னல் வெளிச்சத்தில் வைத்தோம்.

காலையிலிருந்து நான், அது உப்பாக இருக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தவள். கருகலுக்கு மருந்தில்லை, அந்தச் சனம் ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்து நின்றது. இப்போது அதே வாயால், அம்மாளே, நோயாக இருக்கட்டும் என்று கேட்டேன். கோப்பையில் ஒன்றும் நடக்கவில்லை. மிஸ் பறங்கிப் பாஷையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பேர் வாசித்த சிப்பாய் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். வெட்டிய வாயில் முதலில் ஒரு மங்கல் தெரிந்தது. பிறகு மெல்லிய வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கியது. மற்றக் கோப்பை தெளிந்தபடி இருந்தது. தங்கள் ஊர் வயலிலும் இலை இப்படிக் காய்ந்ததென்று அந்தச் சிப்பாய் அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னான். நான் அழுதேன், சந்தோஷத்தில் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போகச் சொன்னார்கள். பெட்டியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஒன்றுமில்லாதது என்பதாலோ என்னவோ, வெறுங்குழாயை மட்டும் அதிகாரி குலுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். கோப்பையில் இருந்த இலைகளை எடுத்துக்கொள்ளலாமா என்று மிஸ் கேட்டபோது அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். நோய் இலை அவருடைய கைலேஞ்சித் துணியில், நல்ல இலை என்னுடையதில். இரண்டும் படக்கூடாது என்று பஸ்ஸில் என்னை வேறு சீற்றில் உட்கார வைத்தார்.

அந்தப் பால்நூலை மட்டும் நம்பி ஒரு வட்டைக்கே வாக்குச் சொல்ல அவர் ஒப்பவில்லை. எந்தப் பற்றீரியா என்று மரபணு சொல்ல வேண்டும். கரண்ட் போய்ப் போய் வந்ததில் வேலையை மறுபடி மறுபடி தொடங்கினோம். கடைசியில் ஊதா விளக்கின் கீழ், நோய் இலையின் இடத்தில் கோடு பளிச்சென்று விழுந்தது. நல்ல இலையிலும் வெறுங்குழாயிலும் ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்திலிருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். கண்ணாடிச் சாமான்கள் கிணுகிணுத்தன. ஒவ்வொன்றும் தலைக்கு மேலால் வாவியைத் தாண்டிப் போனது. எங்கே போய் விழுகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மிஸ் மேசைக்குக் கீழே இருந்துகொண்டு, “தண்ணியை வெட்டிப் போட்டாங்களோ தெரியாதே புள்ள” என்றார்.

மிதவைப் பாதை நின்றுவிட்டது. செய்தி கொண்டுபோக ஆளில்லை, அங்கே போனும் வேலை செய்யவில்லை. மிஸ் தெரிந்த பாதிரியாரிடம் கடிதம் கொடுத்துப் பார்த்தார், அது திரும்பி வந்தது. சில கிழமைகளில் படுவான்கரைச் சனம் முழுவதும் வாவியைக் கடந்து வந்து பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் நிறைந்தது. யார் யார் வந்தார்கள் என்று பார்க்கப் போகவும் மிஸ் பயந்தார்.

ஒரு காலை வட்டவிதானை ஆய்வுகூட வாசலுக்கே வந்தார். உடுத்த சாரத்தோடு வந்தவர், காலில் செருப்பில்லை. மாடு, வீடு, எரிந்த வைக்கோற்போர் எதைப் பற்றியும் பேசவில்லை. “பயிருக்கு என்ன வருத்தம் மிஸ்?” என்று கேட்டார். மிஸ் சொன்னார். உப்பில்லை, கருகல், தண்ணீரால் பரவும் என்று. வட்டவிதானை வாசற்படியில் குந்திக்கொண்டார்.

“நாங்க வெட்டல்ல மிஸ். பதில் வரும் எண்டு பாத்து நிண்ட நாங்க. ஷெல் விழக்குள்ளயும் தண்ணிய வெட்டாம, நிண்டபடி விட்டிட்டுத்தான் வந்த நாங்க. அப்ப அது சரிதானே?”

“ஓம் ஐயா, சரி” என்றார் மிஸ். ஆள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னிடம், “நான் பிழையா சொல்லியிருந்தா?” என்று கேட்டார். முழு மாவட்டமும் நொறுங்கிக் கிடந்த நாளில் அவருடைய பயம் அதுதான். கன்ரீனில் நான் சொன்ன கதைக்கு அதன் பிறகு நான் சிரித்ததில்லை.

சென்றியில் பிடிபட்ட அன்றிலிருந்து எங்கள் பதிவுகளில் அந்த வட்டையின் பேர் கொட்டி இல்லை, அல்லி. போர் முடிந்தபின்னும் மாற்றவில்லை. மிஸ் தன் தம்பியோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே காலமானார். இப்போது உள்ளங்கையளவு கருவி ஒன்று வரம்பிலேயே கிருமியின் முழு மரபணுவையும் வாசித்துவிடுகிறது. பாதைக்கரையில் சென்றி இல்லை, அந்த இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை.

உறைபெட்டியைக் காலி செய்த அதே கிழமை, அந்த வட்டையிலிருந்து காய்ந்த இலைகள் வந்தன. கொண்டு வந்தவர் பழைய வட்டவிதானையின் மகன். புதுக் குழாய்களை வரிசையாக வைத்து, வழக்கப்படி முதலில் தண்ணீர்க் குழாயை எடுத்தேன். அல்லி என்று எழுதப் போன கை நின்றது. பழைய குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, ஆங்கில எழுத்தில் கொட்டி 0 என்று எழுதினேன். எழுதி முடித்ததும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.