ஜேசுபாதம் அண்ணாச்சியின் இரண்டு கத்திகள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? ஆனால் ஜேசுபாதம் அண்ணாச்சி மேல் நான் பட்ட கோபம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தை நானே பார்க்கக் கூசுகிறது.

தூத்துக்குடியில் நாங்கள் இருக்கும் காம்பவுண்டில் நாலு வீடு. இரண்டு வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. ஒரு குடும்பம் மஸ்கட்டில், இன்னொன்று சென்னையில். கடைசி வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. எதிரே முதல் வீட்டில் அண்ணாச்சி, அவரும் தனி ஆள். நடுவில் இருபதடி சிமெண்டுத் தரை.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். துறைமுகத்தில் முந்திரிக்கொட்டை சர்வேயராக இருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் மூட்டை மூட்டையாகக் கொட்டை வந்து இறங்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சாக்கைக் கிழித்து, ஒரு கை அள்ளி, பிளந்து பார்த்து, தேறுவது எவ்வளவு, சொத்தை எவ்வளவு என்று எழுதிக்கொடுக்க வேண்டும். விற்கிறவனும் வாங்குகிறவனும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தால் போதும், சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்களாம். முப்பத்து நாலு வருஷம் அப்படி.

பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மனைவி போய்ச் சேர்ந்தார். மகள் கனடாவில், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். போன வருஷம் வாதம் வந்து இடது பக்கத்தை அடித்துவிட்டது. கால் ஓரளவு தேறியது, இழுத்து இழுத்து நடப்பார். கை தேறவில்லை.

அதற்கப்புறம்தான் காலையில் என் கதவைத் தட்ட ஆரம்பித்தார். சரியாக ஏழு பத்துக்கு.

"டீச்சர், இதக் கொஞ்சம் திறந்து தாங்களேன்."

அந்தப் பழைய மடக்குக் கத்திதான். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டுக் கைப்பிடி கறுத்திருக்கும். அலகின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. ஒரு கையால் கத்தியைப் பிடித்துக்கொண்டு மறுகை நகத்தை அந்தப் பள்ளத்தில் கொடுத்து இழுத்தால்தான் திறக்கும். உப்புக்காற்றில் ஸ்பிரிங் வேறு இறுகிப்போயிருந்தது. ஒரு கைக்காரர் என்ன செய்வார்?

"எதுக்கு அண்ணாச்சி?"

"கொய்யாப்பழம் வெட்ட."

திறந்து கொடுப்பேன். வாங்கிக்கொண்டு உடனே போனால் தேவலையே! "ரேவுல இன்னைக்குப் புயல் கூண்டு ஏத்திட்டானாம்" என்பார். "உங்களுக்கு இருமல் சரியாயிட்டா?" என்பார். நான் ஒரு கையில் சீப்போடு நிற்பேன். ஏழே முக்காலுக்கு மாப்பிள்ளையூரணி பஸ். அதை விட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம் நிற்க வேண்டும்.

"வீட்ல வேற கத்தியே கிடையாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கிடக்கு. இதுல வெட்டுனாத்தான் கொய்யா கொய்யா மாதிரி இருக்கு" என்றார்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு டீச்சர்! இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரியாமல் எட்டு மாதம் அவருக்குக் கத்தி திறந்து கொடுத்திருக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வு தொடங்கிய அன்று பஸ் போய்விட்டது. ஆட்டோ பிடித்துப் போயும் பிந்திவிட்டேன். பிள்ளைகள் முன்னால் வைத்தே தலைமையாசிரியை என்னைக் கேள்வி கேட்டுவிட்டார். மறுநாள் ஏழு பத்துக்குக் கதவு தட்டப்பட்டதும் எனக்கு உச்சிக்கு ஏறியது.

"ஒரு கொய்யாப்பழத்துக்கு நான் தினமும் வேலைக்குப் பிந்தணுமா அண்ணாச்சி? நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரியா?"

அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "இல்ல டீச்சர், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி மூடிய கத்தியோடு திரும்பிப் போனார். இருபதடிதான். அந்தக் காலை இழுத்துக்கொண்டு அதைக் கடக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்பதை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க உறுத்தியது. மத்தியானம் போனில் தேடி ஒரு கத்தி ஆர்டர் போட்டேன். புது மாதிரி. அலகில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. பிடித்த கையின் கட்டைவிரலால் அதைத் தள்ளினால் 'டக்'கென்று திறந்து பூட்டிக்கொள்ளும். அதே கையால் மூடவும் செய்யலாம். பையில் மாட்டிக்கொள்ள கிளிப், துருப்பிடிக்காத எஃகு. மன்னிப்புக் கேட்க வாய் வராதவர்கள் இப்படித்தான் பொருள் வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டு நாளில் வந்தது. கொண்டுபோய் அவர் வாசலில் நின்றபடியே நீட்டினேன்.

கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். டக்.

"அட! கெட்டிக்காரக் கத்தியால்லா இருக்கு!" சின்னப்பிள்ளை மாதிரி நாலைந்து தடவை திறந்து மூடினார்.

"இனிமே நீங்க யாரையும் தேட வேண்டாம் பாத்தீங்களா" என்றேன். பெருமைதான் எனக்கு.

அவர் கத்தியை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "ஆமா டீச்சர். யாரையும் தேட வேண்டாம்" என்றார்.

அதற்கப்புறம் கதவு தட்டப்படவில்லை.

முதல் இரண்டு நாள் அப்பாடா என்றிருந்தது. நிதானமாகத் தலை பின்னினேன், காப்பி ஆறுவதற்குள் குடித்தேன். மூன்றாவது நாள் ஏழு பத்துக்குக் கையில் சீப்போடு கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எதற்கு நிற்கிறேன் என்று தெரிந்ததும் எனக்கே எரிச்சல் வந்தது. நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் வகுப்பில் நுழைகிற வரைக்கும் நான் வாய் திறக்க ஓர் ஆள் கிடையாது. முன்பும் அப்படித்தான் இருந்தது, ஏழு பத்து ஒன்றைத் தவிர. எனக்கு இருமல் திரும்ப வந்தது. சரியாகிவிட்டதா என்று கேட்க ஒருவரும் இல்லை. போய் எட்டிப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். நான் போகவில்லை. வீம்பு.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் காய் வாங்கப் போனேன். தெரு முக்கில் மாசானத்தின் பழ வண்டி நிற்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் ஜேசுபாதம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

மாசானம் கறுத்த கைப்பிடிக் கத்தியைப் பிடித்து, பள்ளத்தில் நகம் கொடுத்து இழுத்தான்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு இவ்வளவு இறுக்கம்? எண்ணெய் விட மாட்டீங்களா?"

"விட்டா லேசாத் திறந்துருமேடே" என்றார் அண்ணாச்சி. இருவரும் சிரித்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், பொறாமைதான், வேறு நல்ல பெயர் எதற்கு? வைக்கோல்போர் நாய் கதை என் கதை. எனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒன்றை ஒரு பழ வண்டிக்காரன் எடுத்துவைத்துக்கொண்டு சிரிக்கிறான். நேரே போய் முன்னால் நின்றேன்.

"நான் வாங்கித் தந்த கத்தி என்ன ஆச்சு?"

அண்ணாச்சி பதறவில்லை. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். கிளிப் வெளியே தெரிந்தது. "இந்தா, கூடவேதான வச்சிருக்கேன். நல்ல கத்தி டீச்சர், ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஒரு வார்த்தை பேசுததுக்குள்ள திறந்துருது."



"அப்போ எங்கிட்டயே வந்திருக்கலாம்லா?"

"உங்களுக்குப் பஸ்ஸு போயிருதே" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

மாசானம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "டீச்சருக்குக் கொய்யா போடட்டுமா? நல்லா செங்காயா இருக்கு" என்றான். காய் வாங்க வந்ததை மறந்துவிட்டு அரைக் கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, இரண்டு பழத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வழி என்ன வழி, இருபதடிதானே.

"என் கத்தி மழுங்கிப்போச்சு அண்ணாச்சி. இத வெட்டித் தாறீங்களா?"

முதல்நாள்தான் சாணை பிடித்த கத்தி. அவருக்கும் பொய் என்று தெரிந்திருக்கும். "உள்ள வாங்க டீச்சர்" என்றார்.

இவ்வளவு காலம் எதிரெதிரே இருந்தும் அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது அன்றைக்குத்தான். அடுப்பங்கரை மேடையில் ஒரு பலகை இருந்தது. அதில் அடியிலிருந்து மேலாக இரண்டு ஆணி அடித்து, முனை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு முனையில் பாதி வெங்காயம் குத்தி நின்றது. பக்கத்தில் சமையல் கத்தி. வெட்டிய வெங்காயம் சீராக, ஒரே அளவில், தட்டில் கிடந்தது. ஒரு கையால் எல்லாம் வெட்டத் தெரிந்த மனுஷர். கொய்யா எம்மாத்திரம்?

ஆண்டவரே! அவர் கேட்டது கத்தி திறக்க இல்லை. பேச ஆள் வேண்டும் என்று எட்டு மாதம் தினமும் தவறாமல் வந்து கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. கேட்டு வந்தவரையும் விரட்டிவிட்டு, இனிமேல் கேட்கவே தேவைப்படாதபடி ஒரு பொருளையும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் இரண்டு கத்தியையும் மேசையில் எடுத்து வைத்தார்.

"எதுல வெட்டட்டும் டீச்சர்?"

நான் பழையதை எடுத்தேன். நகத்தைக் கொடுத்து இழுத்தேன், வழுக்கியது. மறுபடி இழுத்தேன். அவசரப்படவில்லை.

"அண்ணாச்சி, ஏழு பத்துக்கு வராதீங்க. ஆறே முக்காலுக்கு வாங்க. ஏழு பத்துக்கு வந்தா பேச நேரம் இருக்காது."

"அப்போ மாசானம்?"

"அவங்கிட்ட சாயங்காலம் போங்க!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. வெங்காயப் பலகையை ஓரமாகத் தள்ளி வைத்தேன். பழத்தை நான் பிடித்துக்கொண்டேன், அவர் வெட்டினார்.