ஒரே வளைப்பில்

எங்கள் அக்காவின் வாயிலிருந்து 'வீதி' என்ற சொல்லை லேசில் வாங்கிவிட முடியாது. பஸ் ஓட்டுகிறவள் அவள். ஒரு பஸ் நுழையத் திணறினால் சந்து. இரண்டு உரசாமல் போனால் தெரு. பின்னால் எடுக்காமல் ஒரே வளைப்பில் திருப்ப முடிந்தால்தான் வீதி. அகராதியில் என்ன போட்டிருந்தாலும் சரி, எனக்கு இந்த அளவுதான் பிடித்திருக்கிறது.

எங்கள் தெருவை அகலப்படுத்தி, 'வீதி' என்று பலகையும் வைத்தார்கள். அக்கா உதட்டைச் சுழித்தாள்.

"போர்டு மாட்டிட்டா ஆச்சா? திருப்பிப் பாக்கணும்."

ரிவர்ஸ் எடுக்காமல் திருப்பிக் காட்டினால்தான் பஸ் உள்ளே வரும் என்று போக்குவரத்து அதிகாரியும் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி. மெயின் ரோடு வரை நடக்க முடியாது. பெற்ற மகள் ஓட்டும் பஸ்ஸில் அவள் ஏறியதே இல்லை. அதனால் அக்கா தெருக்கோடி வீடுகளில் நீட்டிக்கொண்டிருந்த படிகளை இடிக்கச் சொல்லி எல்லோர் உயிரையும் வாங்கினாள்.

சோதனை நாளில் தெருவே வாசலில் நின்றது. கோடியில் பஸ் வளைந்தது, இன்னும் வளைந்தது, நின்றுவிட்டது. ஒரு சாண் இடிக்கிறது. எது? கோடியில் இருக்கும் எங்கள் வீட்டுப் படி! அம்மாவின் காலுக்காக அக்காவே தாழ்வாகக் கட்டிக் கொடுத்தது.

"எங்க படியெல்லாம் போச்சு, உங்களது மட்டும் மகாராணி படியா?" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

"ரிவர்ஸ் எடுக்கக் கூடாதும்மா. பஸ் மெயின் ரோட்டோடயே நிக்கட்டும்," என்றார் அதிகாரி.

அம்மா என்னைப் பார்த்தாள். "கடப்பாரையை எடுடி."

"அப்புறம் நீ எப்படிம்மா வீட்டுக்குள்ள ஏறுவே?" அக்கா ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"நீ தூக்கிவிடு. இந்தப் படி என்னை எங்க கூட்டிட்டுப் போச்சு?"

தையல்காரரே ஓடிவந்து கடப்பாரையை வாங்கிப் படியைப் பெயர்த்தார். அம்மா என் தோளைப் பிடித்து பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அதிகாரி வாயைத் திறந்தார்.

"ஆளில்லாத பஸ்ஸைத் திருப்புறது ஒரு டெஸ்டா? இன்னொரு தடவை பாருங்க," என்றாள் அம்மா. மனுஷர் சரியென்று ஒதுங்கி நின்றார்.

அக்கா பஸ்ஸைப் பின்னாலேயே எடுத்துத் தெருமுனைக்குக் கொண்டுபோய், மறுபடி முதலிலிருந்து வந்தாள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாள். பஸ் எங்கள் வாசலைத் தொடாமல் அப்படியே திரும்பியது! விசில் பறந்தது. நான் குதித்தேன், வெட்கமே இல்லாமல்.

"இப்பச் சொல்லுடி," என்றாள் அம்மா. "சந்தா, தெருவா?"

"வீதிம்மா!" என்றாள் அக்கா.