பந்தலில் பாடிய அத்தை

என் மாமா, அம்மாவின் தம்பி, சாமியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் ஓடி வந்தவர். குருமடத்தில் அவருக்கு லத்தீன் மட்டும் நன்றாக ஏறியிருந்தது. கோயில் திருவிழாவில் அத்தை பாடியதைக் கேட்டதும் மற்றதெல்லாம் இறங்கிவிட்டது என்று அம்மா கேலி செய்வாள்.

அவர் எனக்குச் சொன்ன கதைகளெல்லாம் பழைய லத்தீன் கவிதைகளில் வருபவை. அந்தக் கவிஞர்களில் இரண்டு கட்சி உண்டாம். மூச்சு நின்றால் ஆள் புகைதான், பாட்டும் கூடவே போச்சு என்பது ஒரு கட்சி. பாட்டு இன்னொருவர் காதுக்குள் போய்விட்டால் பாடினவருக்கு முழுச்சாவு கிடையாது என்பது மற்றது. "நீங்க எந்தக் கட்சி மாமா?" என்று கேட்டால், அடுப்படியில் பாடிக்கொண்டிருக்கும் அத்தையைக் கண்ணால் காட்டிச் சிரிப்பார்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அத்தை காய்ச்சலில் இறந்துபோனாள். மாமா கதை சொல்வதையே நிறுத்திவிட்டார். கேட்டால், "எல்லாம் புகைதான் தாயி" என்பார். கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில் பதிந்த ஒரு கேசட்டில் மட்டும் அத்தையின் குரல் இருந்தது. அவர் வீட்டு டேப் ரிக்கார்டர் கெட்டுப்போனதால் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து அதைக் கேட்டுவிட்டு, எங்கள் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போவார்.

சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பழம் நிறம் திரும்பினால் போதும், கிளிகள் வந்துவிடும். கேசட் நாடாவை உருவிப் பந்தல் மேல் இழுத்துக் கட்டினால் காற்றில் அது ம்ம்மென்று முனகும், கிளி அண்டாது. அந்த வருசம் அப்பா வீட்டில் சும்மா கிடந்த கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனார். மேலே எதுவும் எழுதாத மாமாவின் கேசட்டும் அதோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து அலமாரியைத் துழாவினார். விசயம் தெரிந்ததும் தோட்டத்துக்கு ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். பந்தல் முழுக்க நாடா மினுங்கியது, பாதி அறுந்து கொடிகளில் சுற்றிக் கிடந்தது. அதில் எது அத்தை என்று யார் கண்டது? அப்பா தலையில் கை வைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, தெரியாமப் பண்ணிட்டேனே, பாவி நான்!"

மாமா அறுந்து தொங்கிய நாடா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்நேரம் பார்த்து மலைப் பக்கமிருந்து காற்று அடிக்க, பந்தல் முனகத் தொடங்கியது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, இங்கன வந்து கேளுங்க. அத்தை பாடுறாக!"

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். மாமா தடுத்தார். பந்தலுக்கடியில் தலை குனிந்து வெகுநேரம் நின்றார். "ஆமா தாயி, அவதான்" என்றார். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். நல்ல சேதிதானே சொன்னேன், எதற்கு அழுகிறார் என்று எனக்கு ஒரே குழப்பம்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அவர் பந்தலடிக்கு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் லத்தீன் கதைகளும் திரும்பி வந்தன.

அறுப்பு முடிந்து பழமெல்லாம் லாரி ஏறியது. ஊரில் எல்லோரும் நாடாவை அவிழ்த்து எறிந்தார்கள். எங்கள் பந்தலில் மட்டும் அது அப்படியே கிடந்தது. கத்தரியில் சிக்குகிறது என்று கவாத்து வெட்ட வந்தவர்கள் சலித்துக்கொண்டதை அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், அறுந்த நாடாக்களை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பழந்தான் இல்லையேப்பா. எந்தக் கிளிய வெரட்ட இதக் கட்டுறீக?" என்று கேட்டேன்.

அப்பா இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினார்.

"அந்த முனையப் பிடி தாயி," என்றார். "நாளைக்கு மாமா வருவாக."