கிராணி வீட்டுப் பூக்கல் தரை

ஈர்க்குக்குச்சியின் நுனியில் அது புழுப்போலச் சுருண்டு வரும். கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்டுப்போன மோரின் வாடையோடு வரும். பூக்கல்லுக்கும் பூக்கல்லுக்கும் நடுவே உள்ள சுண்ணாம்பு இடுக்கிலிருந்து அந்த அழுக்கைச் சுரண்டிச் சிரட்டையில் வழித்துப் போட வேண்டும். கூடம் முழுவதையும் சுரண்டி முடித்தால் அரைச் சிரட்டை சேரும். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் மழைநாளில் ஈரத்தரையைப் பார்த்தால் அந்த வாடை என் தொண்டைக்குள் ஏறி வந்து நிற்கிறது.

மலாயாவில், லாபிஸுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், பெரிய கிராணியார் வீட்டில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். தோட்டத்துக் கணக்கெழுதும் அந்தக் கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். துரை புதுப் பங்களாவுக்குப் போனபோது, பூக்கல் பதித்த பழைய பங்களா அவருக்குக் கிடைத்தது. சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்ட அந்தத் தரையைக் கிராணியம்மா தன் நகைகளைப்போலப் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்தத் தரை நாறியதற்குக் காரணமும் அவர்தான். வெள்ளிக்கிழமை காலையில் சாணி கரைத்துத் துடைக்காத வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று அவர் நம்பினார். மண் தரையில் சாணி காய்ந்து தரையோடு தரையாகிவிடும். பூக்கல்லில் அது எங்கே போகும்? இடுக்கில்தான் போய் உட்காரும். அதன்மேல் மீன் கழுவிய தண்ணீர், சிந்திய தேங்காய்ப்பால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடந்த கால்கள், வெற்றிலைச் சாறு, ஜொகூர் மழையின் பூசணம் எல்லாம் சேரும். வெள்ளிக்கிழமை சுத்தம் என்று தெளித்ததைச் சனிக்கிழமை அழுக்கு என்று நான் குந்தியிருந்து சுரண்டுவேன். சாம்பல், புளி, தேங்காய் மட்டை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் கறுப்பு மேலே போய்விட்டு மறுவாரம் அடியிலிருந்து திரும்பி வந்துவிடும்.

வேலை முடிந்ததும் கிராணியம்மா வருவார். குனிந்து ஓர் இடுக்கில் சுண்டுவிரல் நகத்தை விட்டு இழுப்பார். நகத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். அதைப் பார்க்கும்போது அழுக்கைவிட அவரைக் கண்டுதான் எனக்குக் குமட்டும்.

“உது என்ன ஊத்தை? உன்ர கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

“தேய்ச்சேங்கம்மா.”

“தேய்ச்ச நிலமோ இது? மாட்டுத் தொழுவம் இதைவிடத் திறம்.”

நான் தலையைக் குனிந்துகொள்வேன். நீங்கள் தெளிக்கச் சொன்ன சாணிதானே அம்மா என்று நாக்கு நுனிவரை வரும். சிறுவயதிலிருந்தே எனக்கு வாய் திறக்காது.

அப்போது எனக்கு ஐந்து மாதம். முதல் பிள்ளை, மேட்டுக்காட்டில் ரப்பர் பால் வெட்டி, வாளி சுமந்து இறங்கும்போதே கலைந்துபோயிருந்தது. அதற்குப் பிறகுதான் யார் யாரையோ கெஞ்சி இந்த வீட்டு வேலைக்கு வந்தேன். இதிலாவது குந்தியிருந்தால் போதும், சுமக்க வேண்டியதில்லை. கிராணியம்மாவின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடானது. “அடுத்த வெள்ளி மூவாரிலயிருந்து வருகினம். இந்தக் கோடெல்லாம் வெள்ளையா இருக்கவேணும். இல்லாட்டி நீ திரும்பப் பால்வெட்டுக்கே போ” என்று கிராணியம்மா சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

என் வீட்டுக்காரர் பால் ஸ்டோரில் இருந்தார். ரப்பர் பாலில் ஆசிட் கலந்து உறைய வைப்பது அவர் வேலை. நான் அழுததைக் கேட்டுச் சிரித்தார்.

“ஸ்டோர்ல தட்டுல புடிச்ச கறையே ஆசிட் பட்டா ஓடிப்போயிடுது. கிராணியம்மா தரை என்னா, ராசா அரமனையா?” ஒரு போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். “யாருகிட்டயும் மூச்சு விடாத. ஸ்டோர் சாமான் வெளிய போச்சுன்னு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிரும்.” சீட்டுக் கிழிந்தால் வேலை மட்டுமல்ல, இருக்கிற லயத்து வீடும் போய்விடும்.

புதன்கிழமை மத்தியானம், கிராணியம்மா தூங்கும் நேரத்தில், இடுக்குகளில் ஆசிட்டை ஊற்றினேன். அது சீறியது. நுரை பொங்கி, கறுப்பு கரைந்து ஓடியது. அடியில் சுண்ணாம்பு பால்போல வெளுத்தது. கட்டெறும்பை நசுக்கினால் வருமே, அந்தக் காரம் மூக்கில் ஏறியது. விரல் எரிந்தது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வாடை போகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கிராணியம்மா எழுந்து வந்து நகத்தால் இழுத்து, முகர்ந்து பார்த்து, முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் போனார்.

அன்று சாயங்காலம் பின்பக்கத்தில் வாளிக்காரரைப் பார்த்தேன். கக்கூஸ் வாளிகளை எடுத்துக் கழுவுகிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஸ்டோர்ச் சாக்கடையையும் அவர்தான் கழுவுவார். தூரத்தில் நின்றே என் கையைப் பார்த்தார். “கை வெந்திருக்கே தாயி. ஆசிட் பொல்லாதது. தேங்காயெண்ண போடு” என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் கூடம் முழுக்கப் பூக்கல் ஆடியது. இடுக்கில் இருந்த சுண்ணாம்பு மாவாகி உதிர்ந்திருந்தது. சிவப்பும் பச்சையும் தேமல்போல வெளுத்திருந்தன. கிராணியம்மா கால் வைத்த இடத்தில் கல் சாய்ந்து, அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் பீச்சியது. கல்லை நெம்பிப் பார்த்தால் கீழே வருடக்கணக்கான சாணிச் சேறு, அதில் மண்புழுக்களும் கரப்பான் குஞ்சுகளும் நெளிந்தன. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வருவதற்குள் கிராணியம்மா முடிவு கட்டியிருந்தார்.

“அந்தக் கக்கூஸ்காரன்தான். போன கிழமை ஏசினதுக்குப் பழி வாங்கிப்போட்டான். ராத்திரி வந்து வாளி கழுவிற மருந்தை ஊத்தியிருக்கிறான். மணக்குது பாருங்கோ!”

வாளிக்காரரைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள்.

“நான் ஊட்டுக்குள்ள காலே வச்சதில்லீங்க சாமி” என்றார்.

“அப்ப நிலம் தானா வெந்ததோ?” என்று கத்தினார் கிராணியார்.

வாளிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் பார்வை என் வயிற்றுக்கு இறங்கியது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “தெரியலீங்க” என்றார். அவ்வளவுதான். யாரும் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. நாறுகிற வீட்டுக்கு நாறுகிற மனிதனைக் காரணமாகச் சொன்னால் எல்லாருக்கும் உடனே விளங்கிவிடுகிறது. எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதை இங்கே எழுதாமல் விடக்கூடாது.

மறுநாளே அவருடைய சீட்டைக் கிழித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரை இன்னொரு மாதம் கழித்து வரச்சொல்லி முந்தின நாளே தந்தி போயிருந்தது. சாயங்காலம் வாளிக்காரர் மனைவியோடு லாபிஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோனார். ஒரு தகரப்பெட்டியும் ஒரு பாய்ச்சுருளும்தான். நான் குறுக்குப் பாதையில் ஓடி, ரப்பர் மரங்களுக்கு நடுவே அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன். கிராணியாரிடம் சொல்லத் துணிவில்லை, வாளிக்காரரிடமாவது சொல்ல வேண்டும். அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசியிருந்தார். என்னைவிடச் சுத்தமாக இருந்தார். கிட்டே வந்ததும் என் கை, நான் நினைப்பதற்குள், முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டது. எந்த நாற்றமும் இல்லை. கை பழகிவிட்டது. அவர் மனைவி அதைப் பார்த்து, “அட, போற வழியிலயுமா!” என்று காறித் துப்பினாள். அவர் பாதையை விட்டுப் புல்லில் இறங்கி நின்று, எனக்கு வழி விட்டார். நானும் அந்த வழியே நடந்து போய்விட்டேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது அவளும் மருமகனும் ஜொகூர் பாருவில் இருக்கிறார்கள், நானும் அவர்களோடு இருக்கிறேன். இங்கேயும் பூக்கல் தரைதான். மகள் சாணியெல்லாம் தெளிப்பதில்லை, சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறாள். இடுக்கெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. அதன்மேல் என் பேரன் பாயில்லாமல் படுத்துத் தூங்குகிறான். காலையில் பின்சந்தில் வாளி எடுக்க ஒருவர் வருகிறார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. வண்டிச் சத்தம் கேட்டதுமே மகள் எழுந்து, “நாத்தம் தாங்கலம்மா, சன்னல சாத்தட்டுமா?” என்பாள்.

“சாத்து” என்கிறேன். தினமும் அப்படித்தான் சொல்கிறேன்.