சுகந்தி தோற்ற மத்தியானம்

மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனியில் சுகந்தியும் நானும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறோம். எனக்குப் பின்னால் சேர்ந்தவள் அவள். ஆனால் எது கெட்டாலும் முதலாளி, "சுகந்தியக் கூப்பிடுங்க" என்பார். எனக்கு வயிறு எரியும்.

அன்று எடைமேடையில் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு விண்டோஸ் வைத்திருந்தார்கள். அது ஆபீஸ் சர்வரோடு சேரவில்லை. எடை போட முடியாமல் உப்பு லாரிகள் வரிசையாக நின்றன. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. சர்வருக்கு வழி காட்டும் ரூட் கமாண்டைச் சுகந்தி திரும்பத் திரும்ப அடித்தாள். அதிலுள்ள 'நெட்மாஸ்க்' என்ற சொல் தவறு என்றே திரையில் வந்தது.

"நேத்து வரைக்கும் இதே கமாண்ட்தானேக்கா ஓடுச்சு?"

அவள் திணறுவதைப் பார்க்க உள்ளுக்குள் இனித்தது. எட்டிப் பார்த்தேன். சட்டென்று புரிந்தது.

"அது லினக்ஸுக்கு. விண்டோஸ்ல வெறும் மாஸ்க்னு போடணும். மத்த லினக்ஸ் வார்த்தையெல்லாம் எடுத்துடு."

மாற்றி அடித்தாள். சர்வர் பதில் சொன்னது. முதல் லாரி மேடையேறியது.

அவள் முகம் வாடும் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவளோ என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டாள்.

"சார், சரியாயிடுச்சு. நான் தப்பா அடிச்சிட்டு இருந்தேன். அக்காதான் பார்த்ததும் கண்டுபிடிச்சாங்க. இனிமே மொதல்ல அவங்களக் கூப்பிடுங்க சார்."

இப்போது முதலாளி என்னைத்தான் கூப்பிடுகிறார். ஆனாலும் பொறாமை போகவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் அந்தப் போனை நான் போட்டிருக்க மாட்டேன். அப்போது அவள் வேலையைப் பார்த்து வயிறெரிந்தேன். இப்போது அவள் மனசைப் பார்த்து எரிகிறேன்.